கடைசியாக நனைந்த நீர்

மடித்தால் முழம், விரித்தால் ஆறடி.
டவுன்ஹால் ரோட்டில் வாங்கிய தூண்டில்.
ஆஸ்லோவில் பிரித்துப் பார்த்துவிட்டுத் தந்துவிட்டார்கள்.
நெத்திலிக் கருவாட்டைத்தான் எடுத்துக்கொண்டார்கள்.
ஜெசிந்தா அதற்குத்தான் அழுதாள்,
ஏழு வருஷம் கழித்து என்னைப் பார்த்ததற்கு அல்ல.

அவள் வேலை பார்க்கும் ஊரில்
கடல் மலைக்குள் புகுந்து
திரும்பிப் போக மனமில்லாமல் உட்கார்ந்திருக்கிறது.
அலை இல்லை. மணலும் இல்லை.
இரண்டு பக்கமும் யானைமலைகள்
ஒருவழியாய் எழுந்து நடந்து
தண்ணீர் குடிக்க வந்து நிற்கின்றன.
ஒன்றல்ல, முப்பது இருக்கும்.
நரசிங்கத்தில் தாகத்தோடு படுத்தே கிடக்கும்
நம்முடையதை நினைத்துக்கொண்டேன்.

முதியோர் இல்லத்தில் அவளுக்கு இரவுப் பணி.
இரவென்று பெயர்தான்.
பதினொரு மணிக்கும் சாயங்காலம் ஐந்தரை வெளிச்சம்.
திரைச்சீலையை இழுத்துவிட்டு
அவர்களே செய்துகொள்கிறார்கள் இரவை.

ரயில்வே முன்பதிவு கவுண்ட்டரில்
இருபத்தாறு வருஷம் படிவம் வாங்கிப் போட்டவன் நான்.
ஆற்றில் இறங்கப் படிவம் நீட்டிய ஊரை
அங்கேதான் பார்த்தேன்.

பெட்ரோல் பங்க்குக்குப் பின்னால் தகரக் கொட்டகை.
ஒரு தொட்டி. ஆஸ்பத்திரி வாசம்.
வேற்று நீரின் நோய் எதுவும்
சால்மன் ஏறும் ஆற்றுக்குள் போய்விடக் கூடாதாம்.
தூண்டில், வலை, முழங்கால் பூட்ஸ்
எல்லாம் முங்கி எழ வேண்டும்.
ஆற்றில் கால் கழுவித்தான் பழக்கம்.
ஆற்றுக்காகக் கால் கழுவியது அன்றுதான்.

பெயர்: அருள்சகாயம்.
ஊர்: ஞானஒளிவுபுரம், மதுரை.
தூண்டில் கடைசியாக நனைந்த நீர்:
மாடக்குளம் கண்மாய்.

ஆறா, ஏரியா என்றாள்
குன்வோர் என்று சட்டையில் பெயர் குத்தியிருந்தவள்.
மனிதர்கள் வெட்டிய ஏரி என்று
ஜெசிந்தா அவர்கள் பாஷையில் சொன்னாள்.
அப்படியா, யார் பார்த்துக்கொள்கிறார்கள்?

படிவத்தில் இல்லாத கேள்வி.
குளிருக்குப் பேச்சுத் துணையாய்ச் சும்மா கேட்டது.
தங்கை என்னைப் பார்த்தாள்.
நான் தொட்டியைப் பார்த்தேன்.
பிறகு ஒரே ஒரு சொல் சொன்னாள்.
குன்வோர் தலையசைத்து
அட்டையில் முத்திரை குத்தினாள்:
இன்று ஒருநாளுக்குச் சுத்தம்.

காரில் வரும்போது கேட்டேன், என்ன சொன்ன?
'எல்லோரும்'னு சொன்னேன்.
அதற்குப் பிறகு சுரங்கப்பாதை வந்தது,
நாலு கிலோமீட்டர்,
இரண்டு பேரும் பேசவில்லை.

மூன்றாம் நாள் ஒன்று கடித்தது.
கை நீளம், வெள்ளிப் பாத்திரக் கடை மினுக்கு.
பெண் மீன். விட்டுவிட வேண்டுமாம்.
விட்டேன். விரலில் அந்தக் குளிர்
துபாய் வரை இருந்தது.

இன்று எனக்கு வார ஓய்வு.
மாடக்குளத்தின் மேலக்கரை.
ஆகாயத்தாமரையை ஒதுக்கினால்
ஒரு பாய் விரிக்கிற அகலத்துக்குத் தண்ணீர்.
கல்லுப்புக் கரைத்த வாளியில்
தூண்டிலை முக்கி எடுத்தேன்.

"என்னண்ணே, ஞானஸ்நானமா?"
மண்புழு டப்பாவோடு காஜாமைதீன்.
"வெளியூர் தண்ணியில நனைஞ்சது."
"அது சரி, இந்தக் கண்மாய்க்கா நோய் வந்துரப் போகுது?"
சிரித்துக்கொண்டே பீடித்துண்டைச் சுண்டினான்.
தண்ணீரில் விழுந்து சுர்ரென்றது.

போன் அடித்தது. ஜெசிந்தா.
பணி முடிந்து நடந்துகொண்டிருக்கிறாள்,
காலடியில் சரளைக்கல் நொறுங்குகிற சத்தம்.
"தண்ணி எவ்வளவு கிடக்கு?"
அம்மாவின் சர்க்கரையைக் கேட்பதற்கும் முன்னால்.
"மடையில மூணு படி தெரியுது."
"போன மாசம் ரெண்டுன்னியே."
நான் சொன்னது எனக்கே மறந்திருந்தது.

அப்போது பார்த்து ஒரு ஜிலேபிக் கெண்டை.
போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு இழுத்தேன்.
"என்ன சத்தம்?"
"ஒண்ணுமில்ல. சின்னது."
"சின்னதுன்னா விட்ரு" என்றாள்
எட்டாயிரம் கிலோமீட்டருக்கு அந்தப் பக்கமிருந்து.

காஜாமைதீன் ஏற்கெனவே
பையை விரித்துப் பிடித்திருந்தான்.